முக்காடு போட்ட விரல்

ஒரு கையில் ஐந்து விரல்கள் குடியிருந்தன. ஒரே உள்ளங்கையில் பிறந்து வளர்ந்தாலும் ஐந்துக்கும் ஐந்து குணம். கட்டைவிரல் பெரிய அண்ணன், எதற்கும் முன்னும் பின்னும் யோசிப்பான். நடுவிரலுக்குத் தான்தான் உயரம் என்று ஒரு நினைப்பு. மோதிரவிரல் தானுண்டு தன் மோதிரமுண்டு என்று இருப்பவள். சுண்டுவிரல் கடைக்குட்டி. ஆள்தான் சின்னது, வாய் பெரிசு.

சுட்டுவிரலுக்கு மட்டும் எதையும் தொட்டுப் பார்த்தால்தான் மனசு ஆறும். மாவு பொங்கியதா என்று முக்கிப் பார்க்கும். அரிசியைக் களைந்து வைத்தால், மேலே முதல் கணு வரை தண்ணீர் நிற்கிறதா என்று இறங்கி அளக்கும். ரசத்தில் உப்பு சரியா என்று முதலில் கேட்பதும் அதுதான்.

அந்தக் கை குமுதவல்லியுடையது. சமையலில் பழகிய கை, தோட்டத்துக்குப் புதுசு. பெண்ணைக் கட்டிக் கொடுத்த பிறகு வீடு வெறிச்சென்று கிடந்தது. ஒருநாள் கூட்டுக்கு நறுக்கிய பரங்கிக்காயின் விதைகளில் நாலைத் தூக்கிப் போட மனசில்லாமல், மொட்டைமாடியில் ஒரு ஓட்டை வாளியில் மண் நிரப்பி ஊன்றி வைத்தாள். குழி போட்டது சுட்டுவிரல். முதல் கணு ஆழம். அரிசிக்கு அளந்த பழக்கம்.

நாலில் ஒன்று முளைத்தது. முளைத்தது ஓடியது. கைப்பிடிச் சுவரெல்லாம் கொடியாகப் படர்ந்து, மார்கழி பிறக்கிற சமயம் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கொட்டியது. பாதிக்கு மேல் நீண்ட காம்பில் நிற்கிற பூக்கள். ஒன்றிரண்டு பூவுக்கு மட்டும் அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு இருந்தது.

பிஞ்சைப் பார்த்த அன்றே குமுதவல்லி பெண்ணுக்குப் போன் போட்டாள்.

"தேனு, பொங்கலுக்கு வரும்போது நம்ம மாடிக் காயிலதான் கூட்டு. மாப்பிள்ளைகிட்டயும் சொல்லிடு."

"நீ வளத்த காயாம்மா? சொட்டைத் தலையிலகூட முடி முளைக்கும், உன் கையில செடி முளைக்காதுன்னு அப்பா சொல்லுவாரே."

"அவரே வந்து பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு இறங்கிப் போனாரு."

கீழ்வீட்டுக் கோமளத்தையும் மாடிக்குக் கூட்டிவந்து, "இதோ பாருங்க அக்கா, இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு" என்று காட்டினாள். காட்டியது சுட்டுவிரல். விறைப்பாக நீண்டு, ஆசையாகக் காட்டியது.

கோமளம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "என்ன குமுதா, பிஞ்சை விரல் நீட்டிக் காட்டலாமா? அழுகிப் போயிடும். மடக்கிக் காட்டணும்."

அவள் சொன்ன வேளையோ என்னவோ, நாலாம் நாள் பிஞ்சு மஞ்சளடித்து விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. மூன்றாவதும் வெம்பிச் சுருங்கியது.

"நான்தான் சொன்னேனே" என்றாள் கோமளம்.

அன்றைக்கு ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்து, சுட்டுவிரலைச் சுற்றி நூலால் கட்டினாள் குமுதவல்லி. மாடிக்குப் போகும்போதெல்லாம் அந்த முக்காடு. சமையலுக்கும் கோலத்துக்கும் மட்டும் அவிழ்ப்பாள்.

மற்ற விரல்களுக்குக் கொண்டாட்டம்.

"அக்காவுக்குக் கல்யாணக்களை வந்திருச்சு" என்றது சுண்டுவிரல்.

"சும்மா இரு. நான் அந்தப் பிஞ்சைத் தொடக்கூட இல்லை" என்றது துணிக்குள்ளிருந்து சுட்டுவிரல்.

"தொடலை, காட்டினே. ஊர் உலகம் தப்பாச் சொல்லுமா?" என்றான் கட்டைவிரல்.

மூன்று நாள் கழித்து நாலாவது பிஞ்சும் விழுந்தது. சுட்டுவிரல் துணிக்குள்ளேயே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அண்ணே, இந்தப் பிஞ்சை நான் பார்க்கவேயில்லை. காட்டவும் இல்லை. பின்னே இது ஏன் விழுந்தது?"

பதில் கோமளத்திடம் இருந்தது. "துணி என்னத்தை மறைக்கும்? இனி அது காய்க்காது குமுதா. காலையில பிடுங்கிப் போட்டுட்டுக் கீரை தெளி. பொங்கலுக்குக் கடையில காய் வாங்கிக்க."

குமுதவல்லி சரியென்று தலையாட்டினாள். புருஷன் சொன்ன சொட்டைத் தலை ஞாபகம் வந்திருக்க வேண்டும், விழுந்த பிஞ்சைத் தூர எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கையில் இருந்ததால் சுட்டுவிரலுக்கு அதனிடம் பேச வாய்த்தது.

"யாரு உன்னை இப்படிப் பண்ணினது?"

"யாரும் ஒண்ணும் பண்ணலை. வண்டு வந்துச்சு. வெறுங்கையோட வந்துச்சு" என்றது பிஞ்சு.

"வண்டு என்ன கொண்டு வரணும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? கொண்டு வந்திருந்தாத்தானே தெரியும். என் பூ விடியறதுலேர்ந்து விரிஞ்சு காத்திருந்துச்சு. வெயில் ஏறினதும் வாயை மூடிக்கிச்சு. அதோட சரி."

சுட்டுவிரல் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தது. அரிசி அளக்கும்போது ஒரு கணு தாண்டி இறங்கிவிட்டது. சோறு குழைந்தது.

மறுநாள் மார்கழி பத்து. விடிவதற்குள் குமுதவல்லி மாடிக்குப் போய், வழக்கம்போலப் பரங்கிப்பூக்களைப் பறித்து வந்தாள். காய்க்கிற பூவை அவள் தொடமாட்டாள். நீண்ட காம்பு வைத்த பூக்கள்தான். அதற்குக் கோமளம் வைத்த பெயர் பொய்ப்பூ. காயும் கிடையாது, ஒன்றும் கிடையாது, கோலத்துக்காவது ஆகட்டும் என்று ஒன்றுவிடாமல் பறிப்பதுதான் மார்கழி முதல் நாளிலிருந்து நடப்பது.

வாசலில் முக்காட்டை அவிழ்த்தாள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேராமல் மாவு இழை இறங்குமா? கோலம் முடிந்து, சாணிப் பிள்ளையாரை நடுவில் வைத்து, தலையில் பூவைச் செருகும்போது சுட்டுவிரல் பூவுக்குள் இறங்கியது. உள்ளே மாவுபோல ஏதோ ஒட்டியது.

"இது என்ன?" என்று கேட்டது.

"அதுதான் என் சொத்து. மேலே ஒருத்தி இப்ப விரிஞ்சு காத்திருப்பா. அவளுக்குக் கொடுக்க வேண்டியது. வண்டுகிட்ட கொடுத்தனுப்புவேன். அது வர்றதுக்குள்ள என்னைக் கீழே கொண்டு வந்துட்டீங்க" என்றது பூ.

"நீ பொய்ப்பூன்னு..."

"யாரு வச்ச பேரோ. தினமும் எங்க அத்தனை பேரையும் கொண்டு வந்துட்டா, மேலே காய் எப்படி நிக்கும்?"

சுட்டுவிரல் பூவுக்குள்ளிருந்து நுனியை வெளியே எடுத்தது. பிறகு மெதுவாகக் கேட்டது. "பறிச்சது யாரு?"

"கேக்கறதைப் பாரு. நீயும் உங்க அண்ணனும்தான்."

சுண்டுவிரல் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. "அப்ப அக்கா குத்தவாளிதான். ஆனா வேற கேஸு" என்றது.

குமுதவல்லி கோலத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கொடியைப் பிடுங்கிவிடலாம் என்று மாடி ஏறினாள். துணியைக் கட்டவில்லை. பிடுங்கப் போகிற கொடிக்கு முக்காடு எதற்கு?

கைப்பிடிச் சுவரோரம் ஒரே ஒரு பூ விரிந்திருந்தது. அடியில் பிஞ்சு. கொடியில் மிச்சமிருந்த கடைசிப் பிஞ்சு அதுதான்.

கை கொடியின் அடித்தண்டைப் பிடித்தது.

"அண்ணே, பிடியை விடு" என்றது சுட்டுவிரல்.

"சொன்ன வேலையைச் செய்யணும் தங்கச்சி. ஏற்கெனவே உனக்குக் கெட்ட பேரு."

"அந்தப் பேரு இருக்கட்டும். என் நுனியில அவங்க சொத்து ஒட்டியிருக்கு. கொடுத்துட்டு வந்துடறேன். அப்புறம் பிடுங்கு."

கட்டைவிரல் முன்னும் பின்னும் யோசித்தான். பிறந்ததிலிருந்து எதிரே நின்று பார்த்த முகம். ஒரு கோலப்புள்ளிகூட அவள் இல்லாமல் அவன் வைத்ததில்லை. மெல்லத் தளர்ந்தான்.

போகிற போக்கில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான் குமுதவல்லி குனிந்தாள். சுட்டுவிரல் நீண்டது. மடங்காமல், நேராக, பூவின் நடுவில் போய்த் தொட்டது. தடவியது.

"ஐயையோ, தொட்டுட்டேனே" என்று கையை இழுத்துக்கொண்டாள். தொட்ட பூவை அப்போதே பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. "அம்மா தாயே, உனக்கு விருப்பமிருந்தா நிக்கட்டும், இல்லாட்டி விழட்டும். ரெண்டு நாள் போகட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

விளக்கேற்றிக் கும்பிடும்போது விரல்நுனியில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. சந்தனமோ என்று மோந்து பார்த்தாள். பூ வாசனை. துடைக்கவில்லை.

நாலாம் நாள் போய்ப் பார்த்தாள். பிஞ்சு மஞ்சளடிக்கவில்லை. பச்சையாக, பளபளவென்று, எலுமிச்சை அளவுக்கு உப்பியிருந்தது. குமுதவல்லி பிஞ்சைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். மறுபடி பிஞ்சைப் பார்த்தாள். மறுநாள் நீண்ட காம்புப் பூக்களை விட்டுவிட்டு இறங்கினாள். அதற்கு மறுநாள் இன்னொரு பிஞ்சுப்பூ விரிந்தபோது, அவளே நீண்ட காம்புப் பூ ஒன்றைத் தொட்டு, அதே விரலால் பிஞ்சுப்பூவையும் தொட்டுப் பார்த்தாள். அதுவும் நின்றது.

போகிப் பண்டிகை அன்று காலையில் முதல் காய் தேங்காய் அளவு இருந்தது. தோல் முற்றாத இளங்காய், கூட்டுக்கு அதுதான் ருசி. கும்பிட்டுவிட்டு அறுத்தாள். பெண்ணும் மாப்பிள்ளையும் மத்தியான பஸ்ஸில் வருகிறார்கள்.

கோமளம் வாசலில் நின்று கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாணிப் பிள்ளையார் தலையில் அருகம்புல் மட்டும் இருந்தது.

"நாளும் கிழமையுமா, பிள்ளையாருக்கு ஒரு பூ இல்லையா குமுதா? ஒண்ணுக்கும் உதவாத அந்தப் பொய்ப்பூவையாவது வைக்கக் கூடாதா?"

"அதுக்கு இன்னிக்கு வேலை இருக்கு அக்கா. பிள்ளையார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள் குமுதவல்லி.

"பூவுக்கு என்னடி வேலை, எங்க வேலை?"

குமுதவல்லி மொட்டைமாடியைக் காட்டினாள். விரலை மடக்காமல்.