ஜெனோவாவின் முழங்கால்

குமரிக் கடற்கரையிலிருந்து வந்து, சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவள் ஜெனோவா. அரையிறுதியில் அவள் முழங்கால் திருகிக்கொண்டது. இறுதிப் போட்டியன்று கிளப் முதலாளி திருமலைச்சாமி நிருபர்களோடும் கிளப் டாக்டரோடும் மைதானத்துக்கு வந்தார்.

"கால்ல ஒண்ணுமில்ல, எல்லாம் நடிப்பு. ஒரு ஊசி போட்டா ஓடுவா. மாட்டேன்னா இன்னையோட ஊருக்குப் போகட்டும்" என்றார்.

ஜெனோவா மறுக்கவில்லை.

"ஆடுறேன் சார். என் கால் நல்லாயிருக்குன்னு நம்ம டாக்டர் இவங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லட்டும், போதும்."

"சொல்லுங்க டாக்டர்!" என்றார் முதலாளி மிடுக்காக.

மைக்குகள் டாக்டர் பக்கம் நீண்டன. அவள் முடமானால் மாட்டப்போவது தான்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"மூட்டு ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்றார் மெல்ல. "சார்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன்."

முதலாளி முகத்தை மறைத்துக்கொண்டு காருக்கு ஓடினார்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ஜெனோவாவின் ஓட்டம் திரும்பவில்லை. வேறெந்த கிளப்பும் அவளை எடுக்கவில்லை. வழியனுப்ப வந்த கோல்கீப்பர் அமுதினி அழுதாள்.

"அவ்வளவு சாமர்த்தியமாப் பேசினியே, உனக்கு என்னடி மிஞ்சிச்சு?"

"நடக்குறதுக்குக் கால் மிஞ்சிச்சு" என்று சொல்லிவிட்டு ஜெனோவா பஸ் ஏறினாள்.