கப்பலில் ஏறிய பட்டுத் தலையணை

சங்குத்துறையை ஆண்ட மகரகேது மன்னருக்குப் புகழ்ச்சி பிடிக்கும். அதைவிடப் பரிசு பிடிக்கும். ஆதிமூலம் என்ற வணிகன் இரண்டையும் தாராளமாகக் கொடுத்து வந்தான்.

அந்த ஆதிமூலம் ஒரு கிழட்டுக் கப்பலுக்குப் பச்சை வண்ணம் பூசினான். கடாரம் போய்வந்தால் போட்ட பணம் மும்மடங்காகும் என்று ஊரெல்லாம் பங்கு விற்றான். மன்னரே யானை மேல் அமர்ந்து, இதைவிட நல்ல கப்பல் உண்டா என்று கடைத்தெருவில் கேட்டார். அதற்கு அப்புறம் யார் யோசிப்பார்கள்? கருவாடு விற்கும் செம்பாயி தன் ஆடுகளை விற்றுப் பங்கு வாங்கினாள்.

பிறகுதான் கப்பலின் அடிப்பலகையில் நண்டு போய்வரும் அளவுக்கு ஓட்டை இருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஆதிமூலம் பங்கைத் திரும்ப வாங்க மறுத்தான். செம்பாயி கருவாட்டுக் கூடையோடு அரண்மனை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கருவாட்டு நாற்றத்தில் சபையில் யாராலும் மூச்சுவிட முடியவில்லை.

மன்னர், வாய்த்துடுக்குக்குப் பெயர்போன அமைச்சர் கூத்தபிரானை அழைத்தார். இவள் பணம் திரும்ப வரவேண்டும், ஆதிமூலத்தின் மனம் நோகக் கூடாது, புதுச் சட்டமும் போடக் கூடாது என்றார். முடியாவிட்டால் அந்தக் கூடை இனி அமைச்சர் வீட்டு வாசலில் இருக்கும் என்றார்.

"புதுச் சட்டம் எதற்கு மன்னா? உங்கள் சமையற்கட்டின் பழைய வழக்கமே போதும்" என்றார் கூத்தபிரான்.

அரண்மனையில், சமைத்தவன் முதல் கவளத்தைத் தின்ற பிறகே மன்னர் இலையில் சோறு விழும்.

மறுநாள் துறையில் ஊரே கூடியது. ஆட்கள் பருத்தித் தலையணை ஒன்றையும் பட்டுத் தலையணை ஒன்றையும் கப்பலில் ஏற்றினார்கள். கூத்தபிரான் ஆதிமூலத்துக்கு மாலை போட்டார்.

"முதல் கவளம் சமைத்தவருக்கு. முதல் பயணம் விற்றவருக்கு. ஏறுங்கள் ஐயா."

ஆதிமூலத்துக்கு உடனே வயிறு வலித்தது. அடுத்து முழங்கால். கடைசியில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றான்.

"அவங்களையும் கூட்டிட்டுப் போங்க சாமி. கடல் காத்து நல்லது" என்றாள் செம்பாயி.

கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே நெருங்கியும் வந்தது.

கட்டாயமில்லை, ஏற மனமில்லை என்றால் விற்றதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று கூத்தபிரான் பணிவாகச் சொன்னார். ஆதிமூலம் பணமூட்டையை அவிழ்த்தான். கடைசி ஆள் பணம் வாங்கும்வரை கப்பலின் ஏணியை எடுக்க அமைச்சர் விடவில்லை.

மன்னர் தொந்தி குலுங்கச் சிரித்தார். தன் முத்துமாலையை அமைச்சரின் கழுத்தில் போட்டார்.

"பருத்தித் தலையணை ஆதிமூலத்துக்கு. சரி, பட்டுத் தலையணை யாருக்கு?"

"யானை மேல் உட்கார்ந்து கப்பலைப் புகழ்ந்தவருக்கு, மன்னா."

அன்றுமுதல் மகரகேது மன்னர் எந்தக் கப்பலைப் புகழ்வதற்கு முன்னும், யானையிலிருந்து இறங்கி, குனிந்து, அடிப்பலகையைத் தட்டிப் பார்ப்பார்.