ஒன்றையொன்று காவல் காத்த குரல்கள்

மேலாளர் தணிகாசலத்தின் கம்பெனியில் கதவும் விளக்கும்கூட கம்ப்யூட்டர் சொல்படிதான் நடக்கும். யார் என்ன செய்தாலும், பேசினாலும், அதை வாய்விட்டு அறிவிக்க ஒரு புரோகிராம். நடப்பது எதுவானாலும் சோதித்துப் பார்க்க இன்னொன்று. இரண்டும் வெவ்வேறு கம்ப்யூட்டர் மொழியில் எழுதியவை. அவற்றை இணைக்கும் வேலை புதிதாகச் சேர்ந்த இசக்கியம்மாள் தலையில் விழுந்தது.

"ரெண்டும் ஒண்ணையொண்ணு கண்டுக்காம இருக்க ஒரு விலக்கு வச்சிரட்டுமா சார்?"

"விலக்கே கூடாது. எதுவும் தப்பக்கூடாது. முடியலேன்னா நாளைக்கு வராதே."

சொன்னபடியே இணைத்தாள். தன் கண்ணாடி அறைக்குள் போன தணிகாசலம் வெளியே வரப் பொத்தானை அமுக்கினார்.

"கதவைத் திறக்கச் சொல்கிறார்," என்றது சுவருக்குள் ஒரு குரல்.

"நீ சொன்னதைச் சோதிக்கிறேன்," என்றது இன்னொன்று.

"நான் சொன்னதை இது சோதிக்கிறது."

"அதையும் சோதிக்கிறேன்."

இரண்டும் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போயின. கம்ப்யூட்டர் அதிலேயே மாட்டிக்கொண்டது; கதவு திறக்கவில்லை. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கண்ணாடிக்குப் பின்னால் தணிகாசலத்தின் முகம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"இசக்கி, அந்த விலக்கைப் போட்டுரும்மா."

அவள் போட்டாள். குரல்கள் சட்டென்று அடங்கின.

"நான் சொன்னதுதான் தப்பு," என்று முணுமுணுத்தார்.

"தான் சொன்னது தப்பு என்கிறார்," என்றது முதல் குரல், கட்டடம் முழுக்கக் கேட்கும்படி.

"அவர் சொன்னதைச் சோதித்தேன்," என்றது இரண்டாவது. "உண்மைதான்."

கதவு திறந்தது.