அண்ணன் கேட்ட வருஷங்கள்

காங்கேயத்துப் பக்கம் நாச்சிமுத்து வந்தால் ஊரே எழுந்து நிற்கும். அவர் தங்கை பாவாத்தாள் நூல் மில்லில் வேலை செய்பவள். அப்பன் விட்டுப்போன தோட்டத்தில் பங்கு கேட்டு அவள் போட்ட வழக்கு வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் நீதிமன்றத்துச் சமரச மையத்துக்கு வந்தது.

"பங்கு தர்றேன்," என்றார் நாச்சிமுத்து. "அப்பன் செத்த பிறகு பத்து வருஷம் இவளைச் சோறு போட்டு வளர்த்தேன். அந்த வருஷங்களை முதல்ல திருப்பித் தரட்டும்."

சமரசம் பேச வந்த அம்மாள் திகைத்துப் போனார். பாவாத்தாள் திகைக்கவில்லை.

"தர்றேனுங்ணா. நாளைக்கே என் வீட்டுக்கு வந்துருங்க. பத்து வருஷம் நான் சோறு போடறேன்."

நாச்சிமுத்துவின் மனைவி இறந்த பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்க அவர் வீட்டில் யாருமில்லை. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டதுபோல் கூசினார். பங்கு தரும் சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் தயங்கி நின்றார். "அம்மணி, உங்க அண்ணி கடைசி வரைக்கும் உன்னைப் பார்க்கணும்னு கேட்டுட்டே இருந்தா."

"ஏனுங்ணா எனக்குச் சொல்லி அனுப்பலை?"

"நீ போட்ட கேஸ் முடியற வரைக்கும் உன்கூடப் பேசக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருந்தார்."