ராஜாவுக்கு ஒரே துண்டு பர்பி

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள், தேங்காய்ப் பர்பி என்றால் உயிரை விடும் ராஜா ஒருவர் இருந்தார். தொப்பை பெருத்துப் போனதால், "நாளொன்றுக்கு ஒரே துண்டுதான்" என்று அரண்மனை வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாவம், ராஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சதுரம், செவ்வகம், சாய்சதுரம், இணைகரம் என்று தினமும் நாலு துண்டு தின்று பழகிய வாய் இது! ஒரே துண்டில் நாலும் வேண்டும்!" என்று அடம்பிடித்தார்.

கணித வித்வான் பூவராகனுக்கு வாயெல்லாம் பல். விகடகவி சடையாண்டியைக் கண்டாலே அவருக்கு வயிற்றெரிச்சல். "பிரபு, இதற்குச் சடையாண்டிதான் தகுந்த ஆள். முடியாவிட்டால் அவர் குடுமியை மழித்துவிடலாம்" என்றார்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

சடையாண்டி குடுமியை இறுகப் பிடித்துக்கொண்டார். இடுப்பைத் தொடும் குடுமி ஐயா அது! பெற்ற பிள்ளைபோல வளர்த்தது. அதைத் தடவிக்கொண்டே சமையல்கட்டுக்குப் போனார்.

மறுநாள் சபையில் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்க, சடையாண்டி தட்டை நீட்டினார். தட்டில் ஒரே ஒரு சதுரத் துண்டு.

"இது வெறும் சதுரம்!" என்று துள்ளினார் பூவராகன்.

"வித்வானே, செவ்வகம் என்றால் என்ன?" என்றார் சடையாண்டி.

"நாலு மூலையும் செங்கோணம். இதுகூடத் தெரியாதா?"

தச்சரின் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார்கள். நாலும் செங்கோணம்.

"சாய்சதுரம்?"

"நாலு பக்கமும் சமம்."

நூல் பிடித்தார்கள். சமம்.

"இணைகரம்?"

பூவராகன் தட்டை உற்றுப் பார்த்தார். "எதிரெதிர்ப் பக்கங்கள் இணை... ஆனால், சாய்சதுரம் சாய்ந்தல்லவா இருக்கும்!"

சடையாண்டி தட்டைக் கொஞ்சம் திருப்பி வைத்தார்.

"அப்படியானால் நானும் நீளமாக ஒரு செவ்வகம் வெட்டி, அதைச் சதுரம் என்பேன்!" என்று கத்தினார் பூவராகன்.

"நடக்காது. வித்வான்கள் எல்லாரும் மனிதர்கள். அதற்காக மனிதர்கள் எல்லாரும் வித்வான்களா? சில வித்வான்களே வித்வான்கள் இல்லையே!"

சபையே சிரித்தது. ராஜா துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "குடுமி பிழைத்தது! மீதிப் பர்பி முழுவதும் சடையாண்டிக்கே பரிசு!" என்றார். பெரிய தாம்பாளம் வந்ததும் ராஜாவின் குரல் குழைந்தது. "அதில் எனக்கு ஒன்றே ஒன்று..."

சடையாண்டி தாம்பாளத்தைக் கட்டிக்கொண்டார். "மன்னிக்க வேண்டும், மகாராஜா. தாங்கள் இப்போதுதான் நாலு துண்டு தின்றீர்கள். இனி மூன்று நாளைக்குப் பர்பியே கிடையாது!"

ராஜா தொப்பை குலுங்கச் சிரித்தார். வைத்தியர் மட்டும் அதை ஓலையில் குறித்துக்கொண்டார்.