வேப்பமரத்தடி வரிசை

எந்த நாடு, எந்த ராஜா என்று குடைந்து கேட்காதீர்கள். முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார், அவருக்குப் பொறாமை வந்தது, நமக்கு அது போதும். யார் மேல் என்கிறீர்களா? சந்தைப் பக்கம் வேப்பமரத்தடியில் சவரம் செய்கிற மருதையன் மேல்!

ஒருநாள் ராஜாவின் பல்லக்கு அந்த வழியாகப் போனது. மரத்தடியில் முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்து, பேச்சும் சிரிப்புமாக இருந்தார்கள். பல்லக்கை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ராஜாவுக்குச் சுருக்கென்றது.

"நம் சபைக்குக்கூட யாரும் இப்படி ஆசையாக வருவதில்லையே, அமைச்சரே!"

முதலமைச்சர் சந்திரசூடர் சும்மா இருப்பாரா? பத்தே நாளில் பளிங்குத் தரையும் பன்னீருமாக ஒரு சவரக்கூடம் எழுப்பினார். ஊரிலிருந்த மற்ற நாவிதர்கள் அத்தனை பேரையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். முதல் நாள் ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. மறுநாள் முதல் கூடம் ஈ ஓட்டியது. கூட்டம் பழையபடி வேப்பமரத்தடிக்கே போய்விட்டது.

"பிரபு, இது வசியம். அவன் கத்தியில் மந்திரம் இருக்கிறது. அவனை நாடு கடத்த வேண்டும்" என்றார் சந்திரசூடர். மருதையனின் கத்திப்பெட்டி அன்றே பறிமுதலானது.

சபையில் விகடம் பேசும் தாண்டவனுக்குப் பொறுக்கவில்லை. அவனும் அந்த மரத்தடி ஆள்தான். "மந்திரமாவது, மண்ணாங்கட்டியாவது!" என்றான். அந்த வாய் கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம். அவன் மேல் ஏற்கெனவே வயிற்றெரிச்சலில் இருந்த அமைச்சர் பிடித்துக்கொண்டார்.

"அப்படியானால் நாளை கூடத்தைத் தாண்டவனே நடத்தட்டும், பிரபு. நாளை வருகிறவர்கள் மறுநாளும் தாமாகவே வர வேண்டும். காவலர் கூடாது, பரிசு கூடாது. ஒருவர் குறைந்தாலும் மருதையனோடு இவனும் எல்லை தாண்ட வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

தாண்டவன் மரத்தடிக்கு ஓடினான். மருதையன் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கண்ணைத் துடைத்தபடி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்படி என்னதான்யா பண்றீரு? சொல்லும்!"

"ஒண்ணுமில்லீங்க. எண்ணெய்க்காரருக்குக் காதுக்குப் பின்னால மரு, கத்தி அந்தப் பக்கம் போகாது. வாத்தியாருக்குப் பேச்சு ஆகாது, வாயத் தொறக்க மாட்டேன். பொண்ணுக்கு வரன் பாத்த சேதிய ஒருத்தர் பாதியில நிறுத்திட்டுப் போனாருன்னா, மீதிய அடுத்த தடவ நானே ஞாபகமாக் கேப்பேன். அவ்வளவுதான்."

இதை ஒரே நாளில் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது? "பாதி... மீதி..." என்று முணுமுணுத்துக்கொண்டே தாண்டவன் வீடு திரும்பினான்.

மறுநாள் காலை கூடத்துக்கு முதல் ஆளாகச் சந்திரசூடரே வந்தார். கூடவே அவர் கூட்டாளிகள் பத்து பிரபுக்கள். "இன்று சவரம் செய்துகொள்வோம். நாளை இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டோம். பார்க்கலாம், தாண்டவா!" என்று சிரித்தபடி உட்கார்ந்தார்கள்.

"உத்தரவு, சுவாமி" என்று பணிந்தான் தாண்டவன். நாவிதர்கள் பதினோரு பேருக்கும் இடப்பக்கம் முழுக்க மழித்தார்கள். இட மீசையும் போயிற்று. உடனே தாண்டவன் கையைத் தட்டினான்.

"இன்றைக்கு இவ்வளவுதான். கூடம் அடைத்தாயிற்று. மீதி நாளைக்கு!"

தாம்தூம் என்று குதித்தும் பயனில்லை. கூடத்தின் பொறுப்பு அன்று அவன் கையில் அல்லவா? தன் கையால் மழித்துக்கொள்ளும் பழக்கம் அந்த நாட்டில் யாருக்கும் கிடையாது. சந்திரசூடர் முகத்தை மூடிக்கொண்டு வேப்பமரத்தடிக்கே ஓடினார்.

"கத்தியத்தான் நீங்களே வாங்கிட்டீங்களே, சாமி" என்றார் மருதையன்.

மறுநாள் பொழுது விடியும் முன்பே கூடத்து வாசலில் பதினோரு பேரும் அங்கவஸ்திரத்தால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்கள். முடிவைப் பார்க்க நேரில் வந்த ராஜா ஒவ்வொரு துணியாக விலக்கிப் பார்த்தார். பதினோரு அரை மீசைகள்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒருவர்கூடக் குறையவில்லை. தாண்டவா, வென்றாய்!"

"நாளைக்கு இவர்கள் வருவார்களா என்று மட்டும் கேட்காதீர்கள், பிரபு."

ஆனால் மறுபடியும் பாதியில் விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், உள்ளே போய் உட்கார ஒருவரும் நகரவில்லை. சந்திரசூடர் தரையைப் பார்த்தபடி, "மருதையனை அழைக்கலாமா, பிரபு?" என்று மெல்லக் கேட்டார்.

மருதையன் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. மரத்தடிக்கு வரச் சொன்னார். எல்லாரும் போனார்கள். கத்திப்பெட்டி திரும்பி வந்தது. அவர் அமைச்சரின் வலத் தாடையைத் தொட்டுப் பார்த்தார்.

"இங்க தழும்பு இருக்குது, மெதுவாப் போறேன். நீங்க கணக்குப்பிள்ளையா இருந்தப்பப் பாத்த முகந்தானே. அப்பாவுக்கு மூட்டுவலின்னு போன தடவ சொன்னீங்களே, இப்ப எப்படி இருக்காரு?"

போன தடவை என்பது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால்! சந்திரசூடருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்பா போய் எட்டு வருஷமாகிறது, மருதையா. அவரைப் பற்றி என்னிடம் யாருமே கேட்டதில்லை."

ராஜா ஓர் அடி முன்னால் வந்தார். பிறகு, "அடுத்தது நான்" என்றார்.

"உங்களுக்கு முன்னால பத்துப் பேரு இருக்காங்க, சாமி. அப்படி உக்காருங்க."

ராஜா முன்னைவிடப் பலமாகச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவன் கழுத்தில் போட்டுவிட்டு, வரிசைக் கடைசியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் சும்மா பேச்சுக்கு வந்து உட்கார்ந்திருந்த எண்ணெய்க்காரர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்து, "வீட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?" என்று கேட்டார்.