அந்தரத்தில் நின்ற எலுமிச்சை

பஞ்சத்தில் ஜமீன் குளத்துத் தண்ணீரை மொண்டதற்காகச் செங்கமலத்தின் தம்பியைக் கட்டிவைத்திருந்தார்கள். அவனை விடச்சொல்லி வந்தவளைப் பார்த்து ஜமீன்தார் சிரித்தார்.

"ஒரு பொருளை அந்தரத்தில் நிறுத்திக் காட்டு, விடுகிறேன்."

அவள் ஓர் எலுமிச்சம்பழத்தை நேர் மேலே எறிந்தாள். அது போகப்போக வேகம் குறைந்து, உச்சியில் திரும்பி, வரவர வேகம் கூடி, அவள் கைக்கே வந்தது.

"எங்கே நின்றது?"

"உச்சியிலே, சாமி. மேலே போனது நிக்காம எப்படிக் கீழே திரும்பும்? எவ்வளவு நேரம் நிக்கணும்னு நீங்க சொல்லலியே."

"நின்றது ஏன் விழுந்தது?"

"வேகம்தான் நின்னுச்சு. பூமியோட இழுப்பு கொஞ்சமும் நிக்கலியே."

ஜமீன்தார் பழத்தை வாங்கித் தாமே எறிந்தார். கைக்கு வந்ததும் மறுபடி எறிந்தார்.

"அவனை அவிழ்த்துவிடுங்கடா," என்றார், அண்ணாந்து பார்த்தபடியே.